மூன்றா, நான்கா, ஆறா: கோலாலம்பூர்க் காருக்கு எத்தனை சிலிண்டர் வேண்டும்?

மூன்று சிலிண்டர் என்றதும் முகம் சுளிக்கிற பழக்கம் நம்மவர்களுக்கு வந்து ரொம்ப காலம் ஆகவில்லை. 2020 அக்டோபரில் புரோட்டோன் எக்ஸ்50 வெளிவந்தபோதுதான் அது ஊர்ப்பேச்சானது. பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைக் கடையானாலும் செந்தூல் பட்டறையானாலும் ஒரே கேள்விதான்: "காடி அழகாத்தான் இருக்கு, ஆனா மூணு சிலிண்டராமே?" இப்படிக் கேட்டவர்களில் பாதிப் பேர் கார் ஓட்டப் பழகியதே பெரோடுவா காஞ்சிலில். 1994இல் வந்த அந்தக் குட்டிக் காரின் எஞ்சின் கொள்ளளவு 660 சிசி, சிலிண்டர் மூன்றே. பிறகு அதே நிறுவனத்திலிருந்து வந்த கெலிசாவும் விவாவும் ஆக்ஸியாவும் மூன்றுதான். 2005இல் வந்த முதல் மைவியின் 1.0 லிட்டர் ரகமும் மூன்றுதான். அப்போதெல்லாம் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. கார் ஓடியது, விலை கட்டுப்படியானது, அவ்வளவுதான்.

2025 ஜூலையில் புரோட்டோன் எக்ஸ்50இன் எஞ்சினை மாற்றி நான்கு சிலிண்டர் வைத்ததும், "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்" என்று கிளம்பியவர்கள் நிறைய. இதனால் வாங்குகிறவருக்குக் குழப்பம் கூடிப்போனது. பழைய எக்ஸ்50 நல்ல விலைக்குக் கிடைத்தால் எடுக்கலாமா? பெரோடுவா பெஸ்ஸா 1.0 போதுமா, 1.3 எடுப்பதா? அத்திவா நல்லதா, மைவி நல்லதா? இதற்கு நடுவில் ஒரு சித்தப்பா வந்து, புது மைவி விலைக்கு ஆறு சிலிண்டர் பிஎம்டபிள்யூ ஒன்று பூச்சோங்கில் நிற்கிறது என்பார்.

என் கணக்கு இதுதான். காரின் பலத்தைத் தெரிந்துகொள்ள சிலிண்டரை எண்ணிப் பயனில்லை. வரியும் பெட்ரோலும்கூட நேரடியாக அதைப் பொறுத்தவை அல்ல. கார் நிற்கும்போது எப்படி நிற்கிறது என்பதில்தான் சிலிண்டர் தன் குணத்தைக் காட்டும். கோலாலம்பூரில் கார் வைத்திருக்கிறவருக்கு அது சின்ன விஷயம் இல்லை, ஏனென்றால் இங்கே கார் ஓடுகிற நேரத்துக்கு நிற்கிற நேரம் சளைத்ததல்ல.

முதலில் எஞ்சினுக்குள் நடப்பதைப் பார்த்துவிடுவோம். சிலிண்டர் என்பது பெட்ரோல் எரிகிற அறை. நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சிலிண்டர் ஒருமுறை எரிந்து, உள்ளே ஏறி இறங்கும் பிஸ்டனைத் தள்ளினால், மறுபடி அதன் முறை வருவதற்குள், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு இரண்டு முழுச் சுற்றுச் சுற்றியாக வேண்டும். அந்த இரண்டு சுற்றை இருக்கிற சிலிண்டர்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. நான்கு இருந்தால் அரைச் சுற்றுக்கு ஒரு தள்ளு. மூன்று இருந்தால் மூன்றில் இரண்டு பங்குச் சுற்றுக்கு ஒன்று. ஆறு இருந்தால் மூன்றில் ஒரு பங்குச் சுற்றுக்கே ஒன்று வந்துவிடும். ஆனால் ஒரு பிஸ்டன் உருப்படியாகத் தள்ளுவது அரைச் சுற்றுக்கும் குறைவான தூரம்தான். புகையை வெளியேற்றும் வால்வு அதற்குள் திறந்துவிடும். நின்றுபோன காரை ஆட்கள் முறைபோட்டுத் தள்ளுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் என்றால் ஒருவர் கையெடுத்த பிறகு அடுத்தவர் கை வைப்பதற்குள் ஒரு சின்ன இடைவெளி விழும், கார் ஒரு குலுங்கு குலுங்கி நகரும். நான்கு பேர் என்றால் இடைவெளி ஏறக்குறைய மூடிக்கொள்ளும். ஆறு பேர் என்றால் ஒருவர் கையெடுக்கும் முன்பே அடுத்தவர் தள்ளத் தொடங்கியிருப்பார்.

வேகத்தில் இந்த இடைவெளி தெரியாது. வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும் ஐடிலிங்கில்தான் தெரியும். எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றுச் சுற்றுகிறது என்றால், மூன்று சிலிண்டரில் நொடிக்கு 20 தள்ளு, நான்கில் கிட்டத்தட்ட 27, ஆறில் 40. நொடிக்கு இருபது என்பது உடம்பு நன்றாக உணர்கிற அதிர்வு. நாற்பதுக்குப் போனால் அது லேசான ஓசையாக மாறிவிடும்.

மாலை ஆறு மணிக்கு ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஒரு பழைய ஆக்ஸியாவில் உட்கார்ந்து பாருங்கள். கியர் டியில் (டிரைவ்), கால் பிரேக்கில், ஏர்கோன் முழு வேகத்தில். கம்ப்ரஸர் 'டக்' என்று சேர்கிற நொடியில் எஞ்சின் ஒரு கணம் தொய்ந்து, பிறகு சமாளித்துக்கொண்டு எழும். ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் விரலுக்கடியில் மெல்லிய நடுக்கம். கியருக்குப் பக்கத்துக் குழியில் கிடக்கிற இருபது சென் காசுகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். கண்ணாடியில் தெரிகிற பின்னால் நிற்கும் லாரியின் எண் பலகை கலங்கலாகும். கியரை நியூட்ரலுக்குத் தள்ளினால் பாதி அடங்கிவிடும். ஜேம் நகர்ந்து வண்டி நாற்பதைத் தொட்டதும் இப்படி ஒன்று இருந்ததே மறந்துவிடும். மூன்று சிலிண்டரின் குறை என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் இதுதான். சிலருக்கு இது ஒன்றுமே இல்லை. சிலருக்கு ஒரு மாதத்தில் தலைவலி. நீங்கள் எந்த ரகம் என்பதை யாரும் உங்களுக்குச் சொல்ல முடியாது.

இதோடு இன்னொரு ஆட்டமும் சேரும். மூன்று சிலிண்டரில் ஒரு கோடியில் இருக்கும் பிஸ்டன் மேலே ஏறும்போது மறுகோடியில் இருப்பது கீழே இறங்குகிறது, அதனால் எஞ்சின் இரு முனையும் மாறி மாறித் தூக்கி இறக்குவதுபோல் ஆடும். இதை அடக்கச் சில நிறுவனங்கள் எதிர்த்திசையில் சுற்றும் சமன் தண்டு ஒன்றைப் பொருத்துகின்றன. சிலர் ஃப்ளைவீலிலும் முன்பக்கப் புல்லியிலும் வேண்டுமென்றே எடையை ஒருபக்கம் கூட்டி வைத்துச் சரிக்கட்டுகிறார்கள்; ஃபோர்டின் 1.0 இக்கோபூஸ்ட் அப்படித்தான் வந்தது. நான்கு சிலிண்டரில் இந்தத் தலையாட்டம் இல்லை. ஆனால் அதற்கும் ஒரு வியாதி உண்டு: சுற்று வேகத்தைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் மேலும் கீழுமாக ஓர் அதிர்வு. சிறிய எஞ்சினில் அது பொறுத்துக்கொள்ளும் அளவில்தான் இருக்கும். இரண்டு லிட்டரைத் தாண்டினால் கடுக்கத் தொடங்கும், அங்கே நான்கு சிலிண்டருக்கும் சமன் தண்டு தேவைப்படும். இரண்டு வியாதியும் இல்லாதது வரிசையாக ஆறு சிலிண்டர் வைத்த எஞ்சின். வி வடிவில் வைத்த ஆறுக்குக்கூட அந்தப் பெருமை முழுதாகக் கிடையாது.

ஆக, எண்ணிக்கையோடு ஒரு சிலிண்டரின் அளவையும் பார்க்க வேண்டும். ஆக்ஸியாவின் 998 சிசியை மூன்றால் வகுத்தால் ஒன்றுக்கு 333 சிசி. பழைய எக்ஸ்50இன் 1,477 சிசியை மூன்றால் வகுத்தால் 492. இரண்டும் மூன்று சிலிண்டர்தான், ஆனால் ஒன்றில் ஆடுவது சின்னப் பிஸ்டன், இன்னொன்றில் ஆடுவது பெரிய பிஸ்டன். "ஆக்ஸியா ஓட்டிப் பழகினவன், எக்ஸ்50 எனக்குச் சரிப்படும்" என்று நினைத்து ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கட்டுவதும் தப்பு, "ஆக்ஸியா நடுங்குது, எக்ஸ்50உம் நடுங்கும்" என்று ஒதுக்குவதும் தப்பு. காரின் எடை, எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்கின் தரம், உள்ளே ஒட்டியிருக்கும் ஒலித்தடுப்பு எல்லாம் சேர்ந்துதான் உங்கள் முதுகுக்கு வருகிறது.

சரி, சிலிண்டரின் மேல் தவறாகப் போடும் பழிகளுக்கு வருவோம்.

மூன்று சிலிண்டருக்குப் பலம் இல்லை என்பார்கள். டொயோட்டா ஜிஆர் யாரிஸ் மூன்று சிலிண்டர், 1,618 சிசி. காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ போட்டு நம் ஊருக்கு வந்தபோது 261 குதிரைத்திறன், 360 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. பலம் வருவது உள்ளே போகும் காற்றின் அளவாலும் எரியும் பெட்ரோலாலும். அதை எத்தனை அறையில் எரிக்கிறோம் என்பது அப்புறம். டர்போவுக்கு மூன்று சிலிண்டர் உண்மையில் நன்றாகவே ஒத்துப்போகும். ஒரு சிலிண்டரின் புகை வேகத்தோடு டர்போவை நோக்கி வரும்போது அடுத்ததன் புகை குறுக்கே வந்து மோதாத அளவுக்கு இடைவெளி இருக்கிறது. அதே வேலையை நான்கு சிலிண்டரில் சுத்தமாகச் செய்ய, புகைக்குழாயை இரண்டாகப் பிரித்து இரட்டை வழி டர்போ வைக்க வேண்டியிருக்கும்.

வரி அதிகம், குறைவு என்பார்கள். சாலைப் போக்குவரத்து இலாகா சிலிண்டரை எண்ணுவதே இல்லை, சிசியைத்தான் பார்க்கிறது. தீபகற்பத்தில் தனியார் சலூன் காருக்கு 1,000 சிசி வரை ஆண்டுக்கு 20 ரிங்கிட், 1,201 முதல் 1,400 வரை 70, 1,401 முதல் 1,600 வரை 90. அதற்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் கூடிக்கொண்டே போகும். 1999இல் வந்த புரோட்டோன் பெர்டானா வி6 ஞாபகம் இருக்கிறதா? இரண்டு லிட்டரை ஆறாகப் பிரித்து வைத்த எஞ்சின். அந்த 1,998 சிசிக்கு 379 ரிங்கிட். அதே சிசியில் நான்கு சிலிண்டர் வைத்திருந்தாலும் 379தான். ஒரு வேடிக்கை சொல்கிறேன்: பெர்டானா வி6இன் ஒரு சிலிண்டரும் 333 சிசி, ஆக்ஸியாவின் ஒரு சிலிண்டரும் 333 சிசி. அமைச்சர்களைச் சுமந்த காரின் எஞ்சின், அளவுக் கணக்கில், இரண்டு ஆக்ஸியா எஞ்சின்.

காப்புறுதியும் அப்படித்தான். சிசியையும் காரின் மதிப்பையும் கேட்பார்கள், சிலிண்டரைக் கேட்க மாட்டார்கள்.

இப்போது நிஜமான ஒப்பீடு. மூன்றையும் நான்கையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்க நம் ஊரில் பெஸ்ஸாவைவிட நல்ல கார் கிடையாது. 2016இல் வந்ததிலிருந்து ஒரே உடல், ஒரே இருக்கை, 508 லிட்டர் கொள்ளும் ஒரே பின்பெட்டி, இரண்டு எஞ்சின். 1.0க்கு 998 சிசி, மூன்று சிலிண்டர், 68 குதிரைத்திறன், 91 நியூட்டன் மீட்டர். 1.3க்கு 1,329 சிசி, நான்கு சிலிண்டர், 95 குதிரைத்திறன், 121 நியூட்டன் மீட்டர். 1,329ஐ நான்கால் வகுத்துப் பாருங்கள், 332 வரும். கிட்டத்தட்ட அதே அளவுச் சிலிண்டர் ஒன்று கூடியிருக்கிறது, அவ்வளவுதான். நிறுவனம் சொல்லும் பெட்ரோல் கணக்கிலும் தானியங்கி கியர் ரகங்கள் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, லிட்டருக்கு ஏறக்குறைய 21 கிலோமீட்டர். ஜேமில் எஞ்சினைத் தானே நிறுத்தும் வசதி இருக்கிற உயர்ரக 1.3 இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே காட்டுகிறது.

தங்கை மகள் வேலைக்குச் சேர்ந்து முதல் கார் பார்த்தபோது கேட்டது சரியான கேள்வி: "மாமா, சிலிண்டர் கதையெல்லாம் விடுங்க. மாசத்துக்கு எவ்ளோ வித்தியாசம் வரும்?" 1.0 தானியங்கிக்கும் அடிப்படை 1.3க்கும் விலை வித்தியாசம் ஏறக்குறைய 7,400 ரிங்கிட். ஒன்பது ஆண்டுக் கடன், மூன்று விழுக்காட்டுத் தட்டை வட்டி என்று வைத்தால் மாதம் 87 ரிங்கிட் சொச்சம். சாலை வரியில் ஆண்டுக்கு 50. பெட்ரோலில் நடைமுறையில் ஒரு லிட்டருக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் குறைகிறது என்றே வைத்துக்கொள்வோம்: மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு 15க்குப் பதில் 13.5 கிடைத்தால் 11 லிட்டர் கூடும். 2025 செப்டம்பர் 30 முதல் குடிமக்களுக்குக் கிடைக்கிற 1.99 ரிங்கிட் மானிய விலையில் அது 22 ரிங்கிட். எல்லாம் சேர்த்து மாதம் 115க்குள் அடங்கிவிடும்.

அந்தக் காசுக்குச் சிலிண்டர் ஒன்று மட்டும் வருவதில்லை. 2020இல் காரை மெருகேற்றியபோது, சறுக்காமல் பிடித்து நிறுத்தும் நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டை 1.3க்குக் கொடுத்தார்கள், அடிப்படை 1.0க்குக் கொடுக்கவில்லை. மழை பெய்தால் ஆறாய் ஓடும் நம் நெடுஞ்சாலையில், என்னைக் கேட்டால், நான்காவது சிலிண்டரைவிட இதற்குத்தான் காசு கொடுக்கலாம்.

அவளுடைய நிலை என்ன? காஜாங்கில் வீடு, எம்ஆர்டி நிலையம் வரை கார், அங்கிருந்து ரயில். வார இறுதியில் கோயில், கடை, தோழிகள். தனியாகத்தான் ஓட்டுவாள். அவளுக்கு 1.0 தாராளம் என்றேன், பாதுகாப்பு வசதிக்காக மட்டும் யோசிக்கச் சொன்னேன். அவளே கிராப் ஓட்டுகிறவளாக இருந்தால் பதில் வேறு. நாள் முழுக்க ஏர்கோனைப் போட்டுக்கொண்டு, பின்னால் மூன்று பேரையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு விமான நிலையத்துக்கு ஓடுகிறவருக்கு 91 நியூட்டன் மீட்டர் ஒவ்வொரு சரிவிலும் எஞ்சினைக் கத்தவைக்கும். கத்தவைத்தால் பெட்ரோலும் போகும். நெடுஞ்சாலையில் ஆள் நிறைந்த 1.0, காலி 1.3ஐவிட அதிகம் குடிக்கும் என்று ஓட்டுநர்கள் சொல்வதை நம்பலாம்.

மேட்டுக்கு வருவோம். கோலாலம்பூர்க்காரர்களுக்குக் கார் எஞ்சினின் பரீட்சை என்றால் அது கெந்திங் மலை. கோஹ்தொங் ஜெயாவைத் தாண்டியதும் வளைவும் ஏற்றமும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். உச்சி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சினுக்கு அந்த ஆறில் ஒரு பங்குப் பலம் கழன்றுவிடும். 68 குதிரைத்திறன் 57ஆகிப்போகும், அதில் ஏர்கோனும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ஐந்து பெரியவர்களோடு பெஸ்ஸா 1.0 ஏறுமா என்றால் ஏறும். இரண்டாம் கியரில், எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் ஐயாயிரத்தில், உள்ளே இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு எஞ்சினைக் கேட்டுக்கொண்டே வர, ஏறிவிடும். 1.3 அதே மேட்டில் பேச்சைக் கெடுக்காது. டர்போ வைத்த மூன்று சிலிண்டர் இன்னும் லேசாக ஏறும், ஏனென்றால் குறைந்த காற்றை டர்போ அமுக்கி ஈடு செய்துவிடும்.

இதனால்தான் அத்திவாவையும் மைவி 1.5ஐயும் ஒப்பிடும்போது சிலிண்டர் எண்ணிக்கை குழப்புகிறது. அத்திவா 998 சிசி, மூன்று சிலிண்டர், டர்போ. 98 குதிரைத்திறன், 140 நியூட்டன் மீட்டர். அந்த இழுவை 2,400 சுற்றிலேயே கிடைத்துவிடும். மைவி 1.5க்கு நான்கு சிலிண்டர், குதிரைத்திறன் 100க்குச் சற்று மேல், இழுவை அத்திவாவைவிடக் கொஞ்சம் குறைவு, அதையும் முழுதாகப் பெற எஞ்சினை 4,000க்கு மேல் முறுக்க வேண்டும். காகிதத்தில் சின்னதாகத் தெரியும் எஞ்சின் ரோட்டில் பெரிதாக நடந்துகொள்ளும். வரியோ அங்கே 20, இங்கே 90. ஆனால் விலையில் அத்திவா ஒரு படி மேலே. டர்போவுக்கு எஞ்சின் எண்ணெய்தான் உயிர். "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று கருப்பெண்ணெய் மாற்றுவதைத் தள்ளிப்போடுகிற வீட்டில் டர்போ கார் நிற்கக் கூடாது. அந்த வகையில் மைவியின் எளிய நான்கு சிலிண்டர் நம் சோம்பேறித்தனத்தை நிறையவே பொறுத்துக்கொள்ளும். கார் பராமரிப்பில் அக்கறை இல்லாதவர் என்று உங்களைப் பற்றி உங்கள் வீட்டார் சொன்னால் மைவியே வாங்குங்கள்.

எக்ஸ்50 விஷயம் கொஞ்சம் வேறு. பழையதன் உயர்ரகத்தில் மூன்று சிலிண்டர், 177 குதிரைத்திறன், 255 நியூட்டன் மீட்டர். புதியதில் நான்கு சிலிண்டர், 1,499 சிசி, 181 குதிரைத்திறன், 290 நியூட்டன் மீட்டர். குதிரைத்திறனில் வித்தியாசம் நாலே நாலு. ஜேமில் நிற்கும்போது நான்கு சிலிண்டர் அடக்கமாக நிற்கும் என்பது உண்மை. ஆனால் பழைய எக்ஸ்50 பற்றி வந்த புகார்களில் "மெதுவா நகரும்போது உதறுது" என்பதை நான் சிலிண்டரின் கணக்கில் எழுத மாட்டேன். அந்தக் காரின் கியர்பெட்டி இரட்டைக் கிளட்ச் வகை. ஊர்ந்து போகும் ஜேமில் கிளட்ச் பிடித்து விடும்போது ஒரு குலுக்கல் வருவது அந்த வகைக்கு உள்ளது. சோதிக்க வழி சுலபம். வண்டி அசையாமல் நிற்கும்போது வரும் நடுக்கம் எஞ்சினுடையது. நகரத் தொடங்கும் அந்த ஒரு அடியில் வரும் உதறல் பெரும்பாலும் கியருடையது. ஆக, மூன்று சிலிண்டர் என்ற பேருக்காகவே பழைய எக்ஸ்50இன் விலையை ஒருவர் இறக்கித் தருகிறார் என்றால், சர்வீஸ் புத்தகம் ஒழுங்காக இருந்தால், நான் எடுத்துக்கொள்வேன். புதியதற்கு முழு விலை கொடுக்க வேண்டிய இடத்தில் நான்கு சிலிண்டரையே எடுப்பேன். அதே விலைக்குச் சொகுசானது கிடைக்கும்போது ஏன் விட வேண்டும்?

இன்னொன்று, நிறுவனங்களே ஊருக்கு ஊர் வேறு முடிவு எடுக்கின்றன. ஹோண்டா சிட்டி 2019இல் தாய்லாந்தில் 1.0 டர்போ மூன்று சிலிண்டரோடு வந்தது. அடுத்த ஆண்டு அதே கார் மலேசியாவுக்கு வந்தபோது 1.5 நான்கு சிலிண்டர், டர்போ இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் கெட்டிக்காரத்தனமாக இருந்தது இந்தப் பக்கம் கெட்டுப்போய்விடவில்லை. நாடுகளின் வரிக் கணக்கும் வாங்குகிறவர்களின் மனமும் வேறு, அவ்வளவே.

ஆறு சிலிண்டரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைப் படிப்பவர்களில் பலருக்கு அது ஆசையாக மட்டுமே இருக்க வேண்டும் என்பது என் கருத்து. வரிசை ஆறு அவ்வளவு இதமானது. நின்றிருக்கும்போது எஞ்சின் ஓடுகிறதா என்று மீட்டரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். மெர்சிடிஸ் 1990களின் கடைசியில் வரிசை ஆறை விட்டு வி6க்குப் போய், 2017இல் மறுபடி வரிசை ஆறுக்கே திரும்பியது. பிஎம்டபிள்யூ அதை விடவே இல்லை. ஆனால் பூச்சோங்கில் நிற்கிற அந்தப் பழைய 2.5 லிட்டர் 325ஐக்கு ஆண்டு வரி ஏறக்குறைய 875 ரிங்கிட், மூன்று லிட்டர் என்றால் 2,000க்கு மேல். அது சின்னச் செலவு. பெரிய செலவு பட்டறையில் காத்திருக்கும். ஆறு பிளக், ஆறு காயில், ரப்பர் எல்லாம் இறுகிப்போன கேஸ்கெட்டிலிருந்து கசியும் எண்ணெய், நம் வெயிலில் வெடித்துப்போகும் பிளாஸ்டிக் குளிர்நீர்க் குழாய்கள். வாங்கிய விலை மைவி விலை, ஆனால் உதிரி பாகத்தின் விலை கார் புதிதாக இருந்தபோது என்னவோ அதுதான். வேறொரு கார் தினசரி ஓட்டத்துக்கு இருக்க, இதை ஞாயிற்றுக்கிழமை காராக வைத்துக்கொள்கிறவருக்குச் சரி. சித்தப்பா அதை ஒரே காராக வாங்கச் சொன்னால் சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுங்கள்.

பராமரிப்பில் மூன்றுக்கும் நான்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு பிளக், ஒரு காயில். பெரிய தொகை இல்லை. கவனிக்க வேண்டியது எஞ்சின் மவுண்டிங். எஞ்சினைச் சட்டகத்தோடு பிடித்திருக்கும் இந்த ரப்பர்கள்தான் மூன்று சிலிண்டரின் ஆட்டத்தை விழுங்கிக்கொண்டிருக்கின்றன. அவை இறுகியோ கிழிந்தோ போனால் அதே கார் இரண்டு மடங்கு நடுங்கும். நான்கு சிலிண்டரிலும் மவுண்டிங் போகும், ஆனால் தெரிய நாளாகும். பழைய மூன்று சிலிண்டர் கார் பார்க்கப் போகிறவர், நடுக்கம் அதிகமாக இருந்தால் உடனே திரும்பி வந்துவிட வேண்டாம். போனட்டைத் திறந்து வைத்து, காலைப் பிரேக்கில் அழுத்திக் கியரை டிக்கும் ஆருக்கும் (ரிவர்ஸ்) மாற்றச் சொல்லி எஞ்சினைப் பாருங்கள். எஞ்சின் துள்ளி எழுந்தால் மவுண்டிங் போயிருக்கிறது. விலையில் அதைக் கழிக்கச் சொல்லிக் கேட்கலாம். மூன்றில் ஒரு பிளக் சரியாக எரியாவிட்டாலும் இதே நடுக்கம் வரும். மூன்றில் ஒன்று போனால் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், எனவே வண்டி இழுக்கவும் இழுக்காது. இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒரு நல்ல ஃபோர்மேனுக்கு ஐந்து நிமிடம் போதும்.

கடைசியாக ஓட்டிப் பார்ப்பது. விற்பனையாளர் உங்களை அழைத்துப் போவது பெரும்பாலும் ஷோரூமைச் சுற்றி ஒரு காலிச் சாலையில், காலை பத்து மணிக்கு. அந்த ஓட்டத்தில் மூன்றுக்கும் நான்குக்கும் வித்தியாசம் தெரியவே தெரியாது. மதியம் இரண்டு மணிக்குப் போங்கள். எஞ்சின் சூடாகும்வரை ஓட்டிவிட்டு, வெயிலில் நிறுத்துங்கள். ஏர்கோனை முழுக்க வையுங்கள், கியர் டியிலேயே இருக்கட்டும், ரேடியோவை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் உட்காருங்கள். தினமும் பக்கத்தில் உட்காரப்போகிற ஆளையும் கூட்டிக்கொண்டு போங்கள், பின்னிருக்கையில் அம்மாவையும். முன்னால் ஓட்டுகிறவருக்குத் தெரியாத நடுக்கம் பின்னால் முதுகு சாய்த்திருப்பவருக்குத் தெரியும். விற்பனையாளர் கொஞ்சம் நெளிவார், நெளியட்டும். ஒன்பது ஆண்டு தவணை கட்டப்போவது நீங்கள்.